ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம் வாரநாட்களில் நிற்பதில்லை. கர்த்தரை நம்புவதை எப்படிப் பழகுவது?

திராட்சைக்கொடி:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஆராதனையில் பாடும்போது மனம் நிறைந்துபோகிறது. செவ்வாய், புதனுக்குள் வேலைக் கவலை, பணக் கவலை, வீட்டில் ஒருவரின் உடல்நலம் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கின்றன. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற பிலிப்பியர் 4:4 மனப்பாடம்தான். சொல்லிப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் அசைவதில்லை. இது விசுவாசக் குறைவா? "கர்த்தரை நம்புங்கள்" என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், ஒரு சாதாரண நாளில் நம்புவது என்றால் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஒலிவமரம்:

சகோதரி, "விசுவாசக் குறைவா" என்ற கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள். 4:4-ஐ எழுதியபோது பவுல் சிறையில் கட்டுண்டு இருந்தார். அதே அதிகாரம் 11-ஆம் வசனத்தில், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். அப்போஸ்தலனே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால் நமக்கும் நாள் பிடிக்கத்தான் செய்யும்.

4:4-ஐ மட்டும் பிய்த்து எடுத்தால் அது கட்டளையாக மட்டுமே நின்று மனதை வாட்டும். வழி 6-ஆம் வசனத்தில் இருக்கிறது: விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தேவனுக்குத் தெரியப்படுத்துவது. அதற்கு 7-இல் வாக்குப்பண்ணப்படுவது சமாதானம். சந்தோஷத்தை நேராகத் துரத்துகிறவர் "வந்துவிட்டதா, இன்னும் இல்லையா" என்று தன் மனநிலையையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்வை கர்த்தர்மேல் போகவே போகாது.

பழகுவதற்கு 13-ஆம் சங்கீதத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 6 வசனங்கள்தான். 1, 2-இல் முறையீடு. "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு முறை கேட்கிறார். 3, 4-இல் வேண்டுதல். 5, 6-இல் நம்பிக்கையும் பாட்டும். 4-க்கும் 5-க்கும் நடுவே சூழ்நிலை மாறியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. சத்துரு அங்கேயேதான் நிற்கிறான். தாவீது கர்த்தருடைய கிருபைமேல் சாய்கிறார், அவ்வளவுதான்.

இதையே ஒரு தாளில் செய்யுங்கள். 15 நிமிடம் போதும். மேலே, இன்று அழுத்துகிற ஒரே ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "கவலையாக இருக்கிறது" என்று எழுதினால் பிடி கிடைக்காது. "மாதக் கடைசியில் கட்டவேண்டிய தவணைக்குப் பணம் இல்லை" என்று எழுதுங்கள். அதுவும் "நீர்" என்று அவரைப் பார்த்து. அவரைப்பற்றி எழுதினால் அது டைரி, அவரிடமே சொன்னால்தான் ஜெபம். அடுத்து, என்ன வேண்டும் என்று ஒரு வரி. கடைசியில், இந்தக் காரியத்துக்குப் பொருந்துகிற தேவனுடைய குணம் ஒன்றும், அவர் முன்பு செய்த நன்மை ஒன்றும். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, அந்தக் காரியத்தில் இன்று உங்கள் கையில் இருக்கிற வேலையைச் செய்யுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். சிலர் முறையீட்டைத் தாண்டி நேரே 5-ஆம் வசனத்துக்குக் குதிப்பார்கள். சொல்லாத பாரம் ராத்திரி படுக்கும்போது திரும்ப வரும். வேறு சிலர் 2-ஆம் வசனத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள்; ஒரே பயத்தை வேறு வேறு வார்த்தையில் சொல்வது ஜெபம் மாதிரி தோன்றும், ஆனால் அது பயத்துக்குத்தான் தீனி.

சீயோன்_வழி:

ஐயா சொன்னதோடு ஒன்று. சந்தோஷம் எதன்மேல் நிற்கிறது என்றும் பார்க்கவேண்டும். லூக்கா 10-இல் இயேசு ஊழியத்துக்கு அனுப்பிய எழுபதுபேர் சந்தோஷத்தோடே திரும்பி வருகிறார்கள், பிசாசுகளும் கீழ்ப்படிகிறது என்று. நல்ல செய்திதானே! ஆனாலும் இயேசு, அதற்காகச் சந்தோஷப்படாமல் உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்கிறார். ஊழியத்தில் கிடைத்த வெற்றிகூட அடுத்த ஊரில் கிடைக்காமல் போகலாம். எழுதப்பட்ட பெயரைச் செவ்வாய்க்கிழமை அழிக்காது.

சங்கீதம் 37:4-ஐயும் கவனமாகப் படியுங்கள். "நான் மகிழ்ச்சியாயிருந்தால் கேட்டதைத் தருவார்" என்று பேரம் ஆக்கிவிட்டால், நம் சந்தோஷம் அந்தக் கேட்ட பொருளில்தான் இருக்கிறது, அவரில் இல்லை. பதில் தாமதமானதும் கசப்பு வருவது அதனால்தான். ஆபகூக் 3:17-இல் அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, மாடு என்று ஆறும் இல்லாமற்போனதாக அடுக்கிவிட்டு, 18-இல் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். உங்கள் ஆறையும் அந்த இடத்தில் எழுதிப் பாருங்கள். எந்த ஒன்றை எழுதக் கை வரவில்லையோ, அங்கேதான் ஜெபம் தொடங்கவேண்டும்.

தீபம்:

உடம்பையும் மறக்கவேண்டாம். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள்மேல் கிடைத்த அவ்வளவு பெரிய ஜெயத்துக்குப் பிறகு எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்டார் (1 இராஜாக்கள் 19). தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், இன்னொரு முறை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் பேசியது அதற்குப் பிறகுதான். தூக்கம் கெட்ட வாரத்தில் வரும் சோர்வை எல்லாம் ஆவிக்குரிய வீழ்ச்சி என்று எண்ணவேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் மனம் இருண்டு, எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் மாறியிருந்தால் டாக்டரைப் பாருங்கள். ஜெபத்தை நிறுத்தவேண்டியதில்லை, மாத்திரையையும் தள்ளவேண்டியதில்லை. உயிரை விடும் எண்ணம் வந்தால் நாள் கடத்தாமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி மருத்துவ உதவிக்குப் போகவேண்டும்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: துக்கத்தில் இருப்பவரிடம் "சந்தோஷமாயிருங்கள்" என்று வசனம் அனுப்பாதீர்கள். நீதிமொழிகள் 25:20 மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனை, குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனோடு ஒப்பிடுகிறது. அழுகிறவர்களுடனே அழச் சொல்வதும் வேதம்தான் (ரோமர் 12:15).

திராட்சைக்கொடி:

மிகவும் நன்றி. ஆபகூக் வசனத்தில் வீட்டில் இருப்பவரின் உடல்நலத்தை எழுதக் கை வரவில்லை. இன்னொன்று: மனதில் ஒரு குற்றவுணர்வு இருந்தால் இந்தத் தாள் முறை பலிக்குமா? எந்தச் சங்கீதங்களை எந்த வரிசையில் எடுக்கலாம்?

ஒலிவமரம்:

குற்றவுணர்வு இருந்தால் முறையீட்டுக்கு முன்னே அறிக்கை வரவேண்டும். சங்கீதம் 32:3-இல் தாவீது, பாவத்தை அடக்கிவைத்தமட்டும் எலும்புகள் உலர்ந்துபோயிற்று என்கிறார். 51:12-இல் இரட்சண்யத்தின் சந்தோஷத்தைத் திரும்பத் தரும்படி கேட்கிறார். செய்ததைப் பெயர் சொல்லி ஒரே முறை அறிக்கையிடுங்கள். யாருக்காவது திருப்பித் தரவேண்டியது இருந்தால் தந்துவிடுங்கள். அதன்பிறகும் அதே பாவத்துக்குத் தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால், 1 யோவான் 1:9-இல் பாவங்களை மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று இருப்பதை இன்னும் நம்பவில்லை என்று அர்த்தம்.

வரிசை: 13-இல் ஒரு வாரம் இருங்கள். பிறகு 42, 43 இரண்டையும் சேர்த்து. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்று தனக்குத்தானே பேசும் வசனம் மூன்று முறை வரும், அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்றவர்கள் நன்றாக இருப்பதைப் பார்த்து மனம் எரிந்தால் 73. அதற்குப் பிறகு 16.

வீட்டில் இருப்பவரின் உடல்நலத்துக்கு 88-ஐ எடுங்கள். அதில் கடைசிவரை ஆறுதல் வராது, 13-இல் வரும் அந்தத் திருப்பமும் இல்லை. ஆனால் முதல் வசனத்திலேயே "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுகிறார், நடுவிலும் கூப்பிடுவதை விடவில்லை. தாளில் மூன்றாவது பகுதி (தேவனுடைய குணமும் நன்மையும்) எழுத வராத நாளில் அந்த ஒரு அழைப்பை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம். அந்தச் சங்கீதத்தைத் தனியாக வாசிக்காமல், முடிந்தால் சபையில் நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள் சகோதரி.