காட்டு ஆராய்ச்சி வேலை: நேர்காணலில் உங்களிடம் என்ன கேட்டார்கள்?

காடோடி:
என் முதல் வேலை முதுமலையில், 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுப் பரப்பில். அதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் 1988இல் தொடங்கியது. தண்டின் விட்டம் ஒரு சென்டிமீட்டர் வந்துவிட்டால் போதும், அந்த மரத்துக்கு எண் போட்ட தகடு ஒன்று உண்டு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும்.

நேர்காணலுக்கு இயற்கைத் தேர்வு, மரபணு நகர்வு என்று பரிணாமப் பாடமெல்லாம் படித்துக்கொண்டு போனேன். முதல் கேள்வி, "பைக் ஓட்டுவீங்களா?" இரண்டாவது, "போன கணக்கெடுப்பில் 12 சென்டிமீட்டர் விட்டம் இருந்த மரம் இப்போது 11 என்று வந்தால் என்ன எழுதுவீங்க?" 11 என்றே எழுதுவேன், பக்கத்தில் குறிப்பும் போடுவேன் என்றேன். அதற்குப் பிறகுதான் பேச்சு சூடு பிடித்தது. பட்டை உரிந்திருக்கலாம், தீயில் கருகியிருக்கலாம், போன முறை வேறு உயரத்தில் அளந்திருக்கலாம். மரம் சுருங்காது என்று நாமாக 12ஐப் போட்டுவிட்டால் எல்லாமே போச்சு. பல பத்தாண்டு ஓடுகிற ஆய்வில் அவர்கள் தேடுவது அளந்ததை அப்படியே எழுதும் கையைத்தான்.

வேலையில் சேர்ந்தபின் பாதிப் படிப்பைச் சொல்லிக்கொடுத்தவர்கள் உடன் வந்த உள்ளூர்க் களப்பணியாளர்கள். தகடு விழுந்துபோன வெண்தேக்கை, சுற்றியுள்ள மரங்களை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். யானை வாசனை எனக்கு எட்டுவதற்குள் அவர்கள் நின்றிருப்பார்கள். ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பெயர் நன்றியுரைக்கு மேலே ஏறுவது அபூர்வம். எனக்கு அது உறுத்தல்தான்.

தவிட்டுக்குருவி:
அக்கா சொன்னது வெளிநாட்டுக்கும் பொருந்தும். ஸ்வீடனில் முனைவர் பட்ட இடம் என்பதே பெரும்பாலும் ஒப்பந்தத்தோடு வரும் சம்பள வேலை. விளம்பரம் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். எனக்குக் காணொளி நேர்காணல். மீன்களின் நிறம் பற்றி நான் எழுதியிருந்த கருதுகோளை எடுத்து, "முடிவு நேர்மாறாக வந்தால் அதை எப்படி விளக்குவாய்?" என்று கேட்டார்கள். பெரும்பகுதி நேரம் அதிலேயே போனது. என் மதிப்பெண்ணை யாரும் பேசவே இல்லை.

மழைக்காலம்:
நான் கசப்பைச் சொல்கிறேன். நம் ஊர்த் திட்டப் பணிகளில் நிதி இருக்கும்வரைதான் வேலை. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நான் இருந்த ஆய்வகத்தில் மாதக்கணக்கில் பணம் வராமல், வாடகைக்கு வீட்டில் கேட்டு வாங்கினேன். அதனால் சேரும் முன்பே கேளுங்கள்: திட்டம் இன்னும் எத்தனை ஆண்டு, நிதி தாமதமானால் என்ன ஏற்பாடு, நான் சேகரிக்கும் தரவில் வரும் கட்டுரையில் என் பெயர் இருக்குமா?

காடோடி:
தம்பி, கடைசிக் கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் சொன்னது திட்டம் முடியும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.