ஆஸ்பிரின் ஆகாத ஆஸ்துமா: அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

செங்கோட்டையில இருந்து எழுதுறேன். அக்காவுக்கு ஆஸ்துமா, மூக்குல சதை வளர்ச்சி ரெண்டும் உண்டு. போன மாசம் பல்வலிக்கு ஆஸ்பிரின் கூட்டத்தைச் சேர்ந்த ஐபுப்ரோஃபென் மாத்திரை போட்டா. ஒரு மணி நேரத்துல மூக்கு ஒழுகி, நெஞ்சு இறுகி, ராத்திரியோட ராத்திரியா ஆட்டோ பிடிச்சு ஓடினோம்.

இது சாதாரண அலர்ஜி இல்லையாம். மாத்திரை உடம்புல உள்ள காக்ஸ்-1ங்கிற நொதியைத் தடுக்கவும், அலர்ஜியைக் கிளப்புற மாஸ்ட் செல்களை அடக்கி வைக்கிற புரோஸ்டாகிளாண்டின் ஈ2ங்கிற பொருள் குறையுது. கடிவாளம் போன அந்த செல்கள் லூக்கோட்ரையீன்ங்கிற வேதிப்பொருளைக் கொட்டி மூச்சுக்குழாயைச் சுருக்குதாம். இப்போ அந்த லூக்கோட்ரையீனைத் தடுக்கிற மாண்டிலூகாஸ்ட் மாத்திரை போடுறா.

ஆஸ்பத்திரியில வச்சு ஆஸ்பிரினைக் கொஞ்சங்கொஞ்சமா கொடுத்துப் பழக்குற சிகிச்சையை, திருவனந்தபுரத்துலயோ மதுரையிலயோ யாராவது எடுத்திருக்கீங்களா? எத்தனை நாள் தங்கணும்? செலவு எவ்வளவு ஆச்சு? வலிக்கு டைக்ளோஃபெனாக் மட்டும் சொல்லாதீங்க, அதுவும் அதே கூட்டம்தான். கஷாயமும் வேண்டாம்; அதுக்குப் பெரியம்மா ஒருத்தங்க போதும்.