கலைச்சொல்: வண்டியில் ‘ஷார்ட்’ – குறுஞ்சுற்றா, கசிவா, குறுக்கா?

திருச்சியிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம்.

வண்டி மின்வேலை பழகும் பிள்ளைகளுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பாடம் முழுக்க, சரக்கு ஏற்றும் பிக்கப் ஒன்றில் ஷார்ட் (ஷார்ட் சர்க்யூட்) தேடுவதைப் பற்றியது. பார்க் லைட் சுவிட்சைப் போட்டதும் 10 ஆம்பியர் உருகி (ஃபியூஸ்) போய்விடுகிறது. புதிதாக மாட்டினால் அதுவும் போகிறது. சில நாள் சும்மா இருந்துவிட்டு, பாரம் ஏற்றி மேடுபள்ளத்தில் போகும்போது மட்டும் போகிறது. இதுதான் பாடத்தின் வண்டி.

ஷார்ட் என்பதற்கு என்ன எழுதுவது? குறுஞ்சுற்று, குறுக்குச்சுற்று, மின்குறுக்கு மூன்றும் புழங்குகின்றன. செய்தித்தாள்களைக் கேட்டால் எல்லாமே மின்கசிவு. கடை எரிந்தாலும் மின்கசிவு, பேருந்து எரிந்தாலும் மின்கசிவு. இந்தக் கடைசிச் சொல்லை மட்டும் கையேட்டில் விட எனக்கு மனமில்லை. கசிவு என்றால் சொட்டுச் சொட்டாகப் போவது. பின்விளக்குக் கம்பி தோலுரிந்து சேஸிஸில், அதாவது வண்டியின் அடி இரும்பில், முழுதாகத் தொட்டால் கிட்டத்தட்ட நூறு ஆம்பியர் பாயும். அதையா கசிவு என்பது?

குறுஞ்சுற்றிலும் எனக்கு இடறுகிறது. எது குறுகியது? முன்பக்க பார்க் விளக்குக்குப் போகும் கம்பி ஒன்றரை மீட்டர்கூட வராது. பின்பக்கம் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பி நான்கு மீட்டர் ஓடி வந்திருக்கிறது. நீளத்தில் பார்த்தால் பழுதான சுற்றுதான் நெடுஞ்சுற்று. நடந்தது வேறு: மின்னோட்டம் விளக்கின் வழியே போகாமல் குறுக்கே புகுந்து திரும்பிவிட்டது. ஆகவே ‘குறுக்கு’ என்றே வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. உங்கள் கருத்தை எழுதுங்கள். பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

சங்ககிரியிலிருந்து:

ஐயா, வணக்கம். நான் லாரி, பிக்கப் வயரிங் வேலை பாக்கறவன். இலக்கணம் தெரியாது, எங்க பேச்சுலயே எழுதறேன்.

எங்க ஊர்ல ஷார்ட்னு சொல்றது வண்டிக்காரர். நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம். கம்பி வண்டி இரும்புல தொட்டா ‘பாடில அடிக்குது’ம்போம், இல்லாட்டி ‘எர்த் அடிக்குது’. வண்டிக்காரருக்குக் கரண்டுல எது கோளாறானாலும் ஷார்ட்தான். ராத்திரி நிறுத்தின வண்டி காலைல ஸ்டார்ட் ஆகலேன்னா ஷார்ட். பிரேக்கை மிதிச்சா பார்க் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா ஷார்ட். இண்டிகேட்டர் போட்டா பின்னாடி சிவப்பு லைட்டும் கூடவே மினுக்கினா அதுவும் ஷார்ட். பாடில அடிக்கறதையும் சேத்தா நாலு. நாலுக்கும் தேடற வழி வேற வேற. நீங்க ஒரே பேரை வெச்சீங்கன்னா பையன் நாலுக்கும் உருகி டப்பாவைத்தான் திறப்பான்.

உங்க பாடத்து வண்டியைச் சொல்றேன். உருகி மாட்டி மாட்டிப் பாக்கறது வீண் செலவு. கம்பியைச் சுத்தி உருகிக்குப் பதிலா வெக்கிறது அதைவிட மோசம்; உருகி போக வேண்டிய இடத்துல வயரிங்கே வெந்து போகும். உருகியைக் கழட்டிட்டு அந்த ரெண்டு வாய்க்கும் நடுவுல 21 வாட் பல்பு ஒண்ணை மாட்டணும், பிரேக் லைட்டுக்குப் போடற அதே பல்பு. லைன் பாடில அடிச்சா பல்பு முழு வெளிச்சமா எரியும். எவ்வளவு நேரம் எரிஞ்சாலும் ரெண்டு ஆம்பியருக்கு மேல போகாது, அதனால கம்பி சூடாகாது. அப்புறம் நிதானமா வயரை வயரோட சேக்கற சொருகி, அதான் கப்ளர், அதை ஒவ்வொண்ணா பிரிச்சுக்கிட்டே வரணும். எதைப் பிரிச்சதும் பல்பு அணையுதோ, அதுக்கு அந்தப் பக்கம் இருக்கு கோளாறு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பாடத்துல கட்டாயம் போடுங்க. இதைச் செய்யறதுக்கு முன்னாடி அந்த லைன்ல இருக்கற பார்க் பல்பு, நம்பர் பிளேட் பல்பு எல்லாத்தையும் கழட்டிடணும். மீட்டர் பலகைக்குப் போற கப்ளரையும் பிரிச்சிடணும். இல்லேன்னா கோளாறே இல்லாத லைன்லயும் டெஸ்ட் பல்பு எரியும். மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தாலும் அதே கதைதான். எரியாத பல்புக்கு ஓம்ஸ் ரொம்பக் கம்மி, 21 வாட் பல்பு ஒரு ஓம்கூடக் காட்டாது. மீட்டர் ‘பீப்’னு கத்தும். பையன் ஷார்ட் கிடைச்சிருச்சுன்னு நல்லா இருக்கற வயரை அறுத்துப் போட்டுடுவான்.

மேடுபள்ளத்துல மட்டும் போற கேஸுக்கும் பல்புதான். அதை மாட்டி வெச்சுட்டு ஒரு ஆள் வயரிங்கைப் பின்னாடியிருந்து முன்னாடி வரைக்கும் ஆட்டிக்கிட்டே வரணும். எங்க ஆட்டும்போது பல்பு மினுக்குதோ அங்க பிரிச்சுப் பாருங்க. பெரும்பாலும் சேஸிஸ் ஓட்டைல ரப்பர் புஷ் விழுந்து போயிருக்கும், இரும்பு விளிம்பு கம்பித் தோலைத் தின்னிருக்கும். இல்லேன்னா பின்லைட் பிராக்கெட்டுக்குப் பின்னால. பாடி கட்டினப்ப வெல்டிங் பொறி விழுந்து தோல் உருகின வண்டியும் வரும். கூடுதல் ஹாரன், கலர் லைட்டுனு வண்டிக்காரர் இழுத்துவிட்ட டேப் ஜாயின்டை முதல்ல பாத்துடறது நல்லது.

பேரு என்ன வெக்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நாலு பேரா வையுங்க, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சங்ககிரி அண்ணையின் மடல் நல்ல பிரயோசனம். இஞ்சைப் பத்திரிகைகளில் தீப்பிடித்தால் ‘மின்னொழுக்கு’ என்று எழுதுகிறார்கள். உங்கட மின்கசிவுக்கு உடன்பிறப்பு அது, பிழையும் அதே பிழைதான். ஒழுக்கு என்பது கூரை ஒழுகுவது மாதிரித்தானே. குறுக்கு எனக்குச் சம்மதம்.

ஆனால் எர்த் என்பதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்? நாங்கள் வீட்டு மின்வேலைக்குப் புவித்தொடுப்பு என்று படித்தோம். வாகனத்துக்கும் அதையே பாவிக்கலாமா? எனக்கு ஐமிச்சமாக இருக்கிறது. நாலு ரயரில் நிற்கிற வாகனத்துக்குப் புவியோடு என்ன தொடுப்பு?

மதுரையிலிருந்து:

கசிவை விலக்கியது சரி. ஆயினும் குறுக்கு என்பது தனித்து நிற்கையில் வலுவற்றுத் தோன்றுகிறது. இடுப்பையும் குறுக்கு என்கிறோம். வாய்க்காலில் கரை பெயர்ந்து நீர் வயலுக்குப் போகாமல் வெளியேறுவதை உழவர் ‘உடைப்பு’ என்பர். விளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே வெளியேறுவதற்கு ‘மின்னுடைப்பு’ மிகப் பொருந்தும். பழந்தமிழ் மணமும் உண்டு.

சங்ககிரியிலிருந்து:

உடைப்புன்னா கம்பி அந்து போச்சுன்னுதான் பையன் நினைப்பான். அது கட். பாடில அடிக்கறதுக்கு நேர் எதிர்.

திருச்சியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. மதுரை ஐயாவின் உடைப்பு அழகான சொல், ஆனால் சங்ககிரி அண்ணன் ஒரே வரியில் சொன்ன மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. அறுந்த கம்பியில் மின்னோட்டமே இராது, உருகியும் போகாது. அதைத் தேட வேண்டியது முற்றிலும் வேறு வகையில். கேட்டவுடன் எதிர்ப்பொருளைக் கொடுக்கும் சொல் எவ்வளவு மணமானாலும் பட்டறைக்கு ஆகாது.

நாலு பெயர் வேண்டும் என்பதை அப்படியே ஏற்கிறேன். சொல்லைக் கேட்டதும் கை எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்பதை வைத்தே பிரித்திருக்கிறேன்.

மின்சாரம் வரும் உயிர்க்கம்பி வண்டியின் இரும்பைத் தொட்டு உருகி போவது சட்டகக் குறுக்கு. சேஸிஸுக்குச் சட்டகம் என்று முந்திய பாடத்திலேயே எழுதிவிட்டேன். கரூர்ப் பக்கம் பேருந்துக்குக் கூண்டு கட்டுவது என்பார்களே, அதை வைத்துக் கூண்டுக்குறுக்கு என்றும் யோசித்தேன். ஆனால் பிக்கப்பில் கூண்டு என்றால் பின்னால் கட்டும் சரக்குத் தொட்டியை மட்டும் நினைப்பார்கள். கம்பி பெரும்பாலும் உரசுவது அதற்குக் கீழே இருக்கும் சட்டகத்தில்தான். இந்தப் பழுதுக்குக் கருவி 21 வாட் பல்பு. இடுப்பைப் பற்றிய கவலை வேண்டாம், சட்டகம் என்ற முன்சொல் அதைத் தடுத்துவிடும்.

பிரேக்கை மிதித்தால் பார்க் விளக்கும் எரிவதைக் குறுக்கு என்று சொல்லவே கூடாது. அங்கே மின்னோட்டம் விளக்கைத் தவிர்க்கவில்லை. வேண்டாத விளக்குக்கும் சேர்த்துப் போகிறது. உருகி பெரும்பாலும் போகாது. ஒரு கம்பியின் தோல் தேய்ந்து பக்கத்துக் கம்பியோடு சேர்ந்திருக்கலாம். 21/5 வாட் இரட்டை இழைப் பல்பில் ஓர் இழை அறுந்து மற்றதன் மேல் விழுந்தாலும் இப்படியாகும். ஆகவே வயரிங்கைப் பிரிக்கும் முன் பல்பைக் கழற்றிப் பார்ப்பது உத்தமம். இதற்குக் கம்பிக்கலப்பு.

யாழ்ப்பாண நண்பரின் ஐயம் மிகச் சரி. வண்டியின் இரும்பு முழுவதும் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பிப் போகும் ஒரு பெரிய கம்பி, அவ்வளவே. மண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வீட்டுக்குப் புவித்தொடுப்பு இருக்கட்டும். வண்டிக்கு மீள்தடம் என்று வைக்கிறேன். சங்ககிரி அண்ணன் சொன்ன நான்காவது பழுது, இண்டிகேட்டரோடு சிவப்பு விளக்கும் மினுக்குவது, இந்த மீள்தடம் துருப்பிடித்ததால் வருவது. திரும்ப வழியில்லாத மின்னோட்டம் பக்கத்து விளக்கின் இழை வழியாகத் திரும்புகிறது. குறுக்கில் இருக்கக் கூடாத இடத்தில் தொடர்பு உண்டாகிறது, இதிலோ இருக்க வேண்டிய தொடர்பு போய்விடுகிறது. இரண்டையும் வண்டிக்காரர் ஒரே பெயரால் அழைப்பதுதான் வேடிக்கை. இதற்கு மீள்தடப் பழுது போதும். வேலை, போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது.

மிச்சம், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி. ‘கரண்ட் இழுக்குது’ என்று பட்டறையில் சொல்வதையே எடுத்து ஓய்விழுப்பு என்று வைக்கிறேன். எல்லாவற்றையும் அணைத்து நிறுத்திய வண்டி ஏறத்தாழ 50 மில்லியாம்பியருக்குள் இழுத்தால் குற்றமில்லை. அரை ஆம்பியர் இழுத்தால் 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நாளில் முழுக்கக் காலி, ஸ்டார்ட்டர் அதற்கு முன்பே கைவிரித்துவிடும். 10 ஆம்பியர் உருகிக்கு இந்த அரை ஆம்பியர் கண்ணிலேயே படாது. டெஸ்ட் பல்பிலும் சரியாகத் தெரியாது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, நடுவில் அம்மீட்டரை வைத்து, உருகிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

கசிவை அடியோடு தள்ளவில்லை. பேட்டரியின் மேல்மூடியில் அமிலமும் அழுக்கும் ஈரமாகப் படிந்து இரு முனைகளுக்கும் நடுவே மெல்ல மின்சாரம் போகிறதே, கப்ளருக்குள் தண்ணீர் புகுந்து பச்சை பூத்து ஒரு முனையிலிருந்து அடுத்ததற்குப் போகிறதே, அவை மெய்யான மின்கசிவு. ஓய்விழுப்புக்கு அதுவும் ஒரு காரணம். அந்த இடத்தில் அந்தச் சொல்லே நிற்கும்.

கம்பி அறுந்ததற்கு ‘அறுசுற்று’ என்று எழுதலாமா என்று பார்க்கிறேன். திறந்த சுற்று என்று எழுதினால் எதையோ திறந்து வைத்திருப்பதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

மீள்தடம் மெத்தச் சரி. அறுசுற்று வேண்டாம். ஆறு சுற்று என்று வாசிப்பார்கள். அறுமுகம், அறுசுவை எல்லாம் அப்படித்தானே. ‘அறுந்த சுற்று’ என்றே எழுதுங்கோ.

சங்ககிரியிலிருந்து:

ஓய்விழுப்பு நல்லாருக்கு, நம்ம பேச்சு மாதிரியே இருக்கு. பையன்கள்கிட்ட சொல்லிப் பாத்தேன், புரிஞ்சுக்கிட்டாங்க. சட்டகக் குறுக்கு வாயில வரல. ‘சட்டக்குறுக்கு’ன்னு தானா சுருக்கிட்டாங்க. அதையே வெச்சுக்கலாமா?

திருச்சியிலிருந்து:

சட்டம் என்றாலும் சட்டகம்தானே, கதவுச்சட்டம் என்கிறோம். சட்டக்குறுக்கு என்றே மாற்றிவிடுகிறேன். அறுந்த சுற்றும் அப்படியே. அடுத்த பாடம் ஆல்டர்னேட்டர். ‘சார்ஜ் ஏறல’ என்பதற்குள் எத்தனை பழுது இருக்கிறது என்று அண்ணன் எழுதி அனுப்பினால் அங்கிருந்து தொடங்கலாம்.