அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்ற பிறகும் சி.டி. ஸ்கேன் தேவையா?

கேள்வி (காரிமங்கலம் வாசகர்):
தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பைக்கிலிருந்து விழுந்த என் தம்பிக்கு, ஹேண்டில்பார் மேல்வயிற்றில் பலமாகக் குத்திவிட்டது. மருத்துவமனையில் சேர்த்தவுடன் அல்ட்ராசவுண்ட் செய்து, வயிற்றுக்குள் ரத்தம் தேங்கவில்லை என்றார்கள். வலி குறையாததால் இப்போது ஊசி மருந்து செலுத்திச் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். கதிர்வீச்சுக்கு அஞ்சி அம்மா தயங்குகிறார். இது அவசியம்தானா?

பதில் 1 (கதிரியக்க மருத்துவர், கிருஷ்ணகிரி):
அவசியம்தான், தாமதிக்காமல் சம்மதம் கொடுங்கள். விபத்துப் பிரிவில் செய்யப்படும் அவசர அல்ட்ராசவுண்ட், கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையிலும், மண்ணீரலைச் சுற்றியும், இடுப்புக்குழியிலும், இதய உறைக்குள்ளும் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. தேங்கியது ஏறத்தாழ 200 மி.லி.க்குக் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் தென்படாது. குடலில் விழுந்த துளையும், கணையக் கிழிசலும், வயிற்றறைக்குப் பின்னால் கசியும் ரத்தமும் அதில் எளிதில் தப்பிவிடும். ஹேண்டில்பார் குத்தும்போது கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்பின் மீது நசுங்குகின்றன என்பதால், உங்கள் தம்பியைப் பொறுத்தவரை என் கவலை முழுவதும் இவ்விரண்டைப் பற்றியதே.

ஊசி மருந்து ரத்தக் குழாய்களில் ஓடும்போது எடுக்கும் சி.டி. படம், எந்த உறுப்பு எவ்வளவு ஆழமாகக் கிழிந்திருக்கிறது, ரத்தம் இன்னும் கசிகிறதா என்பதைக் காட்டும். மண்ணீரல் காயத்தை 5 படிநிலைகளாகப் பிரிப்பதும் இதைக் கொண்டுதான். ரத்த அழுத்தம் சீராக உள்ள பலர் அறுவை சிகிச்சையின்றியே குணமடைவதற்கு இந்தத் தெளிவே வழிசெய்கிறது. இதன் கதிர்வீச்சு சுமார் 10 மில்லிசீவர்ட், அதாவது இயற்கையிலிருந்து சில ஆண்டுகளில் நம் உடலில் படும் அளவு; கவனிக்கப்படாத குடல் துளையின் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. சிறுநீரக நோயோ மருந்து ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதில் 2 (ஊத்தங்கரை வாசகர்):
எங்கள் உறவினர் ஒருவரைச் சி.டி. எடுக்காமலேயே அறுவை அரங்குக்குக் கொண்டு சென்றார்களே, அது முறையா?

பதில் 3 (அறுவை சிகிச்சை மருத்துவர், தர்மபுரி):
ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்க, அல்ட்ராசவுண்டிலும் ரத்தம் தெரிந்தால், ஸ்கேன் அறைக்கு அனுப்புவதே உயிருக்கு ஆபத்தாகும். ஆகவே அவர்கள் செய்தது முறைதான். கேள்வி கேட்டவருக்கு ஒன்று: குடல், கணையக் காயங்கள் முதல் சில மணி நேரத்தில் சி.டி.யிலும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அறிக்கை நன்றாக வந்தாலும் மருத்துவர் போகச் சொல்லும்வரை தம்பியை வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். வலி கூடினாலோ, வயிறு விறைத்தாலோ, வாந்தியோ காய்ச்சலோ வந்தாலோ உடனே பணியிலுள்ள மருத்துவரை அழைத்து மறுபடியும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.