சோவியத் இசையமைப்பாளர் குபைதுலினாவின் இசையை நேரில் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

நான் கேட்டிருக்கிறேன். ஹாம்பர்கில் படித்த காலத்தில், ஒரு சின்ன அரங்கில், சோஃபியா குபைதுலினாவின் 'டி புரொஃபுண்டிஸ்'. மேடையில் ஒரே ஒருவர், மடியில் பயான். அக்கார்டியன் மாதிரிதான், ஆனால் இரண்டு கைக்கும் பொத்தான்கள். நடுவில் ஓரிடத்தில் சுரமே வரவில்லை. காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை மட்டும் இழுத்து விடுகிறார். ஆள் மூச்சு வாங்குவதுபோலவே கேட்கிறது. கருவி பழுதோ என்று யாருக்கும் தோன்றியிருக்காது, அவ்வளவு பயமாக இருந்தது.

1978இல் ஃபிரீட்ரிக் லிப்ஸ் என்ற கலைஞருக்காக எழுதியது அது. அடுத்த வருஷமே சோவியத் இசையமைப்பாளர் சங்கத் தலைவர் கிரென்னிகோவ் ஏழு பேரைப் பெயர் சொல்லித் திட்டினார். அதில் குபைதுலினாவும் ஒருவர். 1992இல்தான் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தார், ஹாம்பர்குக்குப் பக்கத்தில் ஆப்பென் என்ற கிராமத்துக்கு. ஆனால் அவர் இசை அவருக்கு முன்பே எல்லை தாண்டிவிட்டது. வயலின் கான்செர்ட்டோ (இசைக்குழுவோடு தனி வயலின் வாசிக்கும் படைப்பு) 'ஆஃபர்டோரியம்' 1981இல் வியன்னாவில் அரங்கேறியது, வாசித்தவர் கிடான் கிரேமர்.

—

அந்த ஆஃபர்டோரியத்தைப் பற்றி நான் சொல்கிறேன், வயலின் கற்றுக்கொள்கிறவன் என்பதால். பழைய ஜெர்மன் இசை மேதை பாக்கின் 'இசைக் காணிக்கை' மெட்டை எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் தலையில் ஒரு சுரம், வாலில் ஒரு சுரம் என்று வெட்டிக்கொண்டே போகிறார். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். பிறகு அதிலிருந்து மெட்டு மறுபடி வளரும், ஆனால் பின்னிருந்து முன்னாக. இதையெல்லாம் தெரிந்துகொண்டு கேட்டால் ரசிக்க முடியாது என்பார்கள். எனக்கு நேர்மாறு: எந்தச் சுரம் எப்போது போகிறது என்று தெரிந்த பிறகுதான் அடிவயிறு கலங்கியது. மெட்டு கரைந்துபோன பிறகும் அரை மணி நேரப் படைப்பு தொய்யவில்லையே, அதுதான் ஆச்சரியம்.

வெளிநாடு போன பிறகு பெரிய அமைப்புகள் தேடி வந்தன. 2000இல் ஷ்டுட்கார்ட்டுக்காக யோவான் பாடுகள் (யோவான் நற்செய்தியின்படி இயேசு பட்ட பாடுகளின் இசை), 2007இல் லூசெர்னில் ஆன்-சோஃபி முட்டர் வாசித்த இரண்டாவது வயலின் கான்செர்ட்டோ. அப்போது அவருக்கு வயது 75. போன வேகத்தைப் பாருங்கள்.

—

இவ்வளவு கனமாகப் பேசுகிறீர்களே, நான் அவரைக் கேட்டது ஒரு கார்ட்டூனில்! 1967 முதல் 1971 வரை ஐந்து பாகமாக வந்த, ஓநாய்கள் வளர்க்கும் காட்டுச் சிறுவன் கதையான சோவியத் 'மௌக்ளி'க்கு இசை அவர்தான். கச்சேரிப் படைப்புகளை வாசிக்க விடாத காலத்தில் சினிமாதான் சோறு போட்டது. 2025 மார்ச்சில் 93 வயதில் காலமான செய்தி வந்த அன்று, எங்கள் வீட்டில் மகளோடு பார்த்தது அதைத்தான். அவளுக்கு ஓநாய்கள் போதும்.