விவாதத்தால் மனம் நோகுமா? அந்த 36.6 எங்கிருந்து வந்தது?

சூரமங்கலத்தான்:
அண்மையில் அஸ்தம்பட்டியில் நடந்த ஒரு கூட்டத்தில், தன்பாலீர்ப்பாளர் உரிமைகளைப் பற்றிய அரசியல் விவாதங்களே அவர்களை மனநோயாளிகளாக்குகின்றன என்றும், அமெரிக்காவில் நூற்றுக்கு 36.6 பேர் அவ்வாறு நோயுற்றார்கள் என்றும் ஒருவர் பேசினார். கேட்டதிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. மக்களாட்சியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 மாநாடு நம் சேலத்தில்தான் நடந்தது. அன்று நடந்த வாதங்களைக் கேட்டு யாரும் மருத்துவரிடம் ஓடவில்லை. 36.6 என்ற எண்ணுக்கு ஆதாரம் இருப்பவர்கள் இங்கே வைக்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
ஐயா, பேசியவர் எண்ணைப் பிழையாகச் சொல்லியிருக்கிறார், ஆய்வில் பிழையில்லை. மார்க் ஹாட்சன்பூலரும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. 2004, 2005 தேர்தல்களில் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை விதித்த மாநிலங்களில், தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளரிடையே மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகள் 22.7 விழுக்காட்டிலிருந்து 31.0 விழுக்காடாயின. கூடிய அந்த 8.3, முன்பிருந்த 22.7-இல் 36.6 விழுக்காடு. 36.6 என்பது அந்த உயர்வின் அளவு, நோயுற்றவர்களின் எண்ணிக்கையன்று. பொதுவான பதற்றக் கோளாறு 2.7-இலிருந்து 9.4 ஆனது. அதே மாநிலங்களில் வாழ்ந்த மற்றவர்களிடம் இந்த அளவு உயர்வு காணப்படவில்லை.

சூரமங்கலத்தான்:
ஆக, நூற்றுக்கு 36.6 பேர் என்பது பொய். அதைத்தான் நானும் சொன்னேன். மேலும், அங்கே வந்தது சட்டம். சட்டம் வந்தால் வருத்தம் வரும். விவாதம் எங்கே வந்தது?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
நீங்கள் நிற்க வேண்டிய இடமே இதுதான். 2004-இல் அமெரிக்கா முழுவதிலும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மட்டுமே அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லும். தடை விதித்த மாநிலங்களில் அதற்கு முன்பும் யாரும் மணம் செய்துகொள்ள முடியாது. அப்படியானால் வாக்கெடுப்புக்குப் பிறகு அவர்களிடமிருந்து புதிதாகப் பறிபோனது என்ன? மாதக்கணக்கில் நடந்த பிரசாரமும், அக்கம்பக்கத்தார் தங்களுக்கு எதிராக வாக்களித்தார்கள் என்ற செய்தியும்தான் அவர்கள் வாழ்க்கையில் புதிதாக நுழைந்தவை.

ஆஸ்திரேலியாவையும் பாருங்கள். 2017-இல் திருமணச் சமத்துவத்துக்காக அஞ்சல் வழியே நாட்டு மக்களின் கருத்தைக் கேட்டார்கள், 61.6 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். வெற்றி கிடைத்த அந்த நாட்டிலேயே, எதிர்ப்புப் பிரசாரத்தை அடிக்கடி கண்டவர்களிடம் சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்ததை ஆய்வு காட்டியது. நெருங்கிய உறவினரும் நண்பர்களும் ஆதரவாக நின்றவர்களுக்கு அந்தப் பாதிப்பு குறைந்தது.

சூரமங்கலத்தான்:
ஏற்கெனவே சோர்ந்திருப்பவர் எதிர்ப்புப் பேச்சைத் தேடித் தேடிப் பார்த்திருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. 36.6-ஐ மேடையில் சொன்னவர் மன்னிப்புக் கேட்டாரா?

அன்னதானப்பட்டி ஆசிரியை:
இருவருமே ஒன்றை மறக்கிறீர்கள். விவாதம் இல்லாமல் இவர்களுக்கு எந்த உரிமையும் வரவில்லை. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. 2018 செப்டம்பர் 6-இல் வயதுவந்தோரின் இசைவான உறவு குற்றமில்லை என்று தீர்ப்பானது. அத்தனை ஆண்டுகளும் வாதாடித்தான் பெற்றார்கள். பேச்சே எழாத வீடுகளில் வெந்துபோகும் பிள்ளைகளை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். விவாதத்தைக் குற்றவாளியாக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
டீச்சர், வாதாடிய வழக்கறிஞர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த 2013 தீர்ப்பு இவர்களை மிகச் சிறு பகுதியினர் என்று ஒதுக்கியபோது, அதைப் படித்தவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதையே கேட்கிறேன். 2023 ஏப்ரலில் தன்பாலினத் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்திலிருந்து நேரலையாக வந்தது. எங்கள் கொலுசுப் பட்டறையில் ஒருவர் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து என்று ஒன்றிய அரசு தாக்கல் செய்திருந்த மனுவைப் பற்றிய செய்தி ஓடியது. சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு அடுத்த இடத்தில் கண்ணிக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்த தம்பி தலையை நிமிர்த்தவே இல்லை. விரல் நுனிகள் கறுத்துப்போன, நாள் கூலிக்கு உழைக்கும் அவன்தான் அந்த மேட்டுக்குடி. அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவன் எங்களோடு உட்காருவதை நிறுத்திக்கொண்டான். தூக்கம் வரவில்லை என்று வெகுநாள் கழித்து என்னிடம் மட்டும் சொன்னான். அந்த ஆண்டு அக்டோபர் 17 தீர்ப்பில் திருமண உரிமையும் கிடைக்கவில்லை.

சூரமங்கலத்தான்:
ஒரு பட்டறைக் கதை ஆய்வாகாது. கொலுசுக்காரர்கள் இங்கே எல்லா விவாத இழையிலும் பட்டறையைக் கொண்டுவந்து விடுகிறார்கள். போன கோடை விழா இழையிலும் இதையே செய்தீர்கள்.

ஏற்காட்டு மிளகு:
கோடை விழா இழையில் மலைக்காரர்களை நீங்கள் பேசியதையும் நாங்கள் மறக்கவில்லை, சூரமங்கலத்தாரே. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கி ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். தூக்கமின்மைக்கு மருந்து கேட்டால், பெண்கள் மேல் வரும் ஈர்ப்பையே மாற்றித் தருகிறேன் என்றார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று வழங்கிய உத்தரவில், பாலீர்ப்பை மாற்ற முயலும் அத்தகைய சிகிச்சையைத் தடைசெய்யச் சொன்னார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பாலீர்ப்பைக் காரணம் காட்டிச் சிகிச்சையில் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. வெளியே நடக்கும் விவாதத்தில் புண்பட்டவர் உள்ளே மருத்துவரிடமும் அதே விவாதத்தைக் கேட்க வேண்டியிருந்தால், அவர் வேறு எங்கே போவார்?

அன்னதானப்பட்டி ஆசிரியை:
அது மருத்துவரின் குற்றம், விவாதத்தின் குற்றமன்று. அந்த நீதிபதியே உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே உத்தரவிட்டார். அதுவும் பேச்சுத்தான்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள அமர்ந்தார், டீச்சர். தொலைக்காட்சியில் அமர்பவர்கள் இன்னொருவர் வாழலாமா என்று தீர்ப்புச் சொல்ல அமர்கிறார்கள். 1944-இல் சேலத்தில் ஒரு கட்சியின் பெயரையும் பாதையையும் விவாதித்தார்கள். யாருடைய காதல் நோயா என்று விவாதிக்கவில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதற்குப் பிறகும் அதே கேள்வியை ஒவ்வொரு தேர்தலுக்கும் மேடையேற்றுகிறவர்கள், அரங்கில் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளையை ஒரு கணமாவது நினைக்க வேண்டும். இதைக் கேட்பதற்கு எனக்கு எந்த ஆய்வும் தேவையில்லை. இருந்தும் ஆய்வைக் காட்டினேன்.

சூரமங்கலத்தான்:
நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது. நூற்றுக்கு 36.6 பேர் என்று மேடையில் சொன்னது பொய்யா, இல்லையா? ஒரே சொல்லில் விடை வேண்டும்.

ஏற்காட்டு மிளகு:
இவருக்கு அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்க ஒரு வார்த்தை கூட இல்லை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
22.7, 31.0 என்று மேலே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, அந்த மாநிலங்களில் புதிதாகப் பறிபோனது என்ன என்ற என் கேள்விக்கு முதலில் விடை எழுதுங்கள்.

சூரமங்கலத்தான்:
முதலில் 36.6.