நாமே எழுதிய பொன்மொழிகளை எவ்வளவு நம்பலாம்?

மைக்கூடு (கேள்வி):
கதை எழுதாத நாட்களில் கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, நான்கு ஆண்டுகளாகச் சிறு குறிப்பேடு ஒன்றில் ஒற்றைவரிச் சிந்தனைகளை எழுதி வருகிறேன். சென்ற வாரம் அதை முதலிலிருந்து படித்தபோது சங்கடமாகிவிட்டது. வரிகள் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் பலவற்றை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 'தனிமையே படைப்பின் தாய்' என்று எழுதிப் பென்சிலால் அடிக்கோடும் இட்டிருக்கிறேன். ஆனால் என் கதைகளில் எனக்கே பிடித்தமானது, வீடு நிறைய விருந்தினர் இருந்த பத்து நாட்களில் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதியது. கதையில் ஒரு பாத்திரம் பொய் பேசினால் உடனே கண்டுபிடித்துவிடும் நான், என் சொந்த வரியை இத்தனை காலம் எப்படி விட்டுவைத்தேன்? இவ்வகை எழுத்து நம்மைச் சிந்திக்க வைக்கிறதா, சிந்தித்துவிட்டோம் என்ற நிறைவை மட்டும் தருகிறதா?

ஏட்டுச்சுருள்:
அந்த வரியில் 'தனிமை' இருந்த இடத்தில் 'வறுமை', 'சலிப்பு', 'தோல்வி' என எதை வைத்தாலும் அது கச்சிதமாகப் பொருந்துவதைக் கவனியுங்கள். 'தாய்' என்பதை 'எமன்' என மாற்றினாலும் தலையாட்ட ஆள் இருப்பார்கள். ஆகவே, நீங்கள் ரசித்தது அச்சின் அழகையே தவிர, அதில் வார்த்த பொருளை அல்ல என்று தோன்றுகிறது. இன்னொன்று, வரி தன் இடத்திலிருந்து பெயர்க்கப்படும்போது நேர்வது. 'வாழ்க்கை குறுகியது, கலை நீண்டது' என்பதைக் கலைஞர்கள் தங்களுக்காகச் சொல்லப்பட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ நூலின் முதல் வரி. அங்கே 'கலை' என்பது மருத்துவத் தொழில். வாய்ப்பு நழுவக்கூடியது, அனுபவம் ஏமாற்றக்கூடியது, தீர்மானிப்பது கடினம் என்று தொடர்ந்து, நோயாளியும் உடனிருப்போரும்கூட ஒத்துழைக்க வேண்டும் என்று அது முடிகிறது. அந்தப் பின்பாதியைப் பெரும்பாலும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

தேய்ந்த நிப்பு:
அச்சைக் குறைசொல்வது எளிது, ஆனால் அச்சு இல்லாமல் இந்த வடிவமே இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் லா ரோஷ்ஃபூக்கோ தம் பொன்மொழித் தொகுப்பை 1665 முதல் 1678 வரை ஐந்து பதிப்புகளில் நீக்கியும் சேர்த்தும் திருத்திக்கொண்டே இருந்தார். நம் நற்பண்புகள் பெரும்பாலும் வேடமிட்ட தீக்குணங்களே என்ற அவருடைய புகழ்பெற்ற வரியில் அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓசைக்கு அது இடைஞ்சல்தான், உண்மைக்காக விட்டுவைத்திருக்கிறார். ஜெர்மானிய இயற்பியல் பேராசிரியர் லிச்டென்பெர்க் (1742–1799) தம் குறிப்பேடுகளை வணிகர்களின் கிறுக்கல் கணக்கேட்டோடு ஒப்பிட்டார்: அன்றாட வரவுசெலவை வந்த வரிசையில் அதில் எழுதிவிட்டு, பிறகுதான் ஒழுங்கான பேரேட்டில் ஏற்றுவார்கள். நீங்கள் கிறுக்கல் ஏட்டையே பேரேடாக எண்ணிவிட்டீர்கள், அவ்வளவுதான். (அடிக்கோடு இடும் பழக்கம் எனக்கும் உண்டு, அன்றைய மனநிலைக்கு இட்ட கோடுகள் அவை.)

உரைகாரன்:
தமிழில் இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஏழு சீரில் அடங்கும் குறளை நாம் தனியே படிப்பதில்லை, உரையோடு படிக்கிறோம். உரைகள் ஒன்றோடொன்று முரண்படவும் செய்கின்றன. சூத்திரம் என்றால் பின்னாலேயே உரை வரும் என்பது நம் இலக்கண மரபிலும் எழுதாத விதி. சுருக்கிச் சொன்னவர் விட்டுச்சென்றதை விரித்துக் காட்ட ஒருவர் வேண்டும். உங்கள் வரிக்கு நீங்களே பதவுரை எழுதிப் பாருங்கள்: எந்தத் தனிமை, எவ்வளவு நேரம், எந்தக் கதை? பத்து வரி எழுத முடியாவிட்டால் அங்கே சுருக்குவதற்கு எதுவும் இருந்திருக்கவில்லை. எழுத முடிந்தால் அதிலிருந்தே ஒரு கதை கிடைக்கவும் கூடும். ஏட்டுச்சுருள் சொன்ன சோதனையில் தேறாத வரிகளையும் கிழித்துவிட வேண்டாம். அவற்றுக்கு உரை எழுதும்போதுதான் நாம் எங்கே வழுக்கினோம் என்பது தெரிகிறது.

மைக்கூடு:
நேற்றிரவு உரை எழுத உட்கார்ந்தேன். ஆறாவது வரியில் நின்றுவிட்டது. அந்தப் பத்து நாட்களும் எல்லோரும் விருந்தினரைக் கவனித்துக்கொண்டிருந்ததால், மாடிப்படியில் இருந்த என்னை யாரும் தேடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைத் தனிமை என்று சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வரியை அப்படியே விட்டுவிட்டு, அடிக்கோட்டை மட்டும் அழித்திருக்கிறேன்.